லாரி முதுகில் ஒரு பாடகி

எங்கள் நாமக்கல் பக்கத்தில் இரண்டு வகைப் படங்களுக்குத்தான் மரியாதை. ஒன்று சாமி படம், இன்னொன்று செத்துப்போனவர் படம். இரண்டிலும் சேராத ஒரு முகத்தை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து வரைந்தால், வருகிறவர் போகிறவர் எல்லாம் "இது யாருங்க?" என்று கேட்பார்கள். சொன்னால், "அவிங்கள நீ எதுக்கு வரையற?" என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால், "செரி, காப்பி வெய்யி" என்பார்கள்.

நான் வரைந்தது கறுப்பினப் பாடகிகளை. பியானோ வாசித்துக்கொண்டே பாடியவர், மதுக்கடை மேடையில் பாடியவர், தேவாலயத்தில் கிதாரை மாட்டிக்கொண்டு பாடியவர் என்று ஒருவர் விடாமல். கோழித்தீவன கம்பெனியில் கணக்குப் பார்க்கும் எனக்கு அவர்களை அறிமுகப்படுத்தியது என் போன்தான். ஒருநாள் சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, கேட்டுக்கொண்டிருந்த பாட்டு முடிந்ததும் அதுவாகவே ஓர் அம்மாவின் குரலைப் போட்டுவிட்டது. அந்தப் பாட்டை நான்கு தடவை கேட்டேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சூரமங்கலத்தில் போய் நின்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் பாடுகிறாரோ அவர் முகத்தைக் கரித்துண்டால் வரைவது பழக்கமானது. பாட்டோடு சேர்ந்து வரைந்தால் கை தானாகப் போகும். அவர் மூச்சு விடாமல் ஓர் இடத்தில் இழுத்தார் என்றால், கன்னத்துக் கோடும் அந்த இழுப்பு முடிகிறவரை நிற்காது. (இதை வீட்டில் விளக்கப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்கள்.)

சொந்தக்காரர்களின் பெரிய குறை வேறு. "இத்தன நல்லா வரையற, கொஞ்சம் செவப்பா இருக்கறவிங்களா பாத்து வரையக் கூடாதா?" கேட்ட யாருமே என் கரித்துண்டைவிட அதிகம் வெளுப்பானவர் இல்லை. நானும்தான். முதலில் பொறுமையாகப் பேசினேன், பிறகு சண்டை போட்டேன், கடைசியில் ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு எதற்கும் "உம்" என்று தலையாட்டப் பழகிக்கொண்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

என் அம்மாவின் தம்பி, செங்கோடன் மாமா, லாரி வைத்திருப்பவர். அப்போது புது வண்டி வாங்கிப் பட்டறையில் பாடி கட்டக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் ஏதோ பேசினார். நான் கிதார்காரம்மாவின் நெற்றியில் இருந்தேன். "உம்" என்றேன். அவர் இன்னும் பேசினார். இன்னும் சில "உம்" போட்டேன். பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"வண்டிக்குப் பின்னால இந்தாட்டம் ஒரு படம் இருந்தா எப்புடி இருக்கும், சாமி!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் படத்தைப் பார்த்து "எப்புடி இருக்கும்" என்று ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நெசமாவா மாமா? போடறீங்களா?"

"அதத்தான இவ்வளவு நேரம் சொல்றேன்! பெயிண்டருகிட்டச் சொல்லிப்புடறேன். நீ படத்த அனுப்பு. உங்கத்தைக்கு மட்டும் மூச்சு உட்றாத."

அத்தைக்கு ஏன் சொல்லக் கூடாது என்று ஒரு புத்தியுள்ள பெண் கேட்டிருப்பாள். நானோ அப்போது பெரிய ஓவியராகிவிட்ட மிதப்பில் இருந்தேன்.

மாமா கேட்டது பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய கல்யாண நாளும் வண்டி பூஜையும் ஒரே நாளில் வருவதால், பழனியம்மாள் அத்தையின் முகத்தை நான் வரைந்துதர வேண்டும், அதை லாரியின் பின்பக்கத்தில் பெரிதாகத் தீட்டி அத்தையை அசத்த வேண்டும். அத்தையின் போட்டோவைக்கூட வாட்ஸப்பில் எனக்கு அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் தினமும் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புகிறவர். அதில் எதையும் நான் திறந்து பார்ப்பதில்லை. இதற்கும் வழக்கம்போலப் படத்தைத் திறக்காமலே கட்டைவிரல் குறியைப் போட்டுவிட்டேன்.

பெயிண்டருக்கு என் படங்களிலேயே சிறந்ததை அனுப்பினேன். கிதார்காரம்மா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து பாடுகிற படம். பெயிண்டர் போன் செய்தார்.

"அக்கா, மூஞ்சிக்கு ரோஸ் கலருங்களா?"

"ஒரு சொட்டு ரோஸ் வரக் கூடாது. கறுப்புன்னா கறுப்புதான். மினுமினுன்னு இருக்கணும்."

மறுபடி போன். "வாயக் கொஞ்சம் மூடிரலாமுங்களா அக்கா? பாக்கறதுக்கு ஒரு மாதிரி..."

"மூடக் கூடாது. முடிஞ்சா இன்னும் கொஞ்சம் திறங்க."

பூஜையன்று பட்டறையில் சொந்தக்காரர் கூட்டம். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பின்பக்கம் மட்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. மாமா புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, "இப்பப் பாரு பழனி" என்று தார்ப்பாயை இழுத்தார்.

படம் பிரமாதமாக வந்திருந்தது, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஓர் ஆள் உயரத்துக்கு முகம், உள்நாக்கு தெரியும்படி வாய், கீழ் ஓரத்தில் கிதாரின் நுனி. கீழே மஞ்சள் எழுத்தில், மாமா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தபடி: 'பழனியம்மாள் துணை'.

அத்தை ஆரத்தித் தட்டோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இது நானா?"

ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கண்ணு மூடியிருக்கறதால சட்டுனு தெரியல. வாயப் பாத்தா நம்ம பழனியம்மாதான்."

அத்தை மாமாவிடம் திரும்பினார். "ஏனுங்க, இத்தன வருசம் குடும்பம் நடத்துனதுல நான் கத்துறது ஒண்ணுதான் உங்களுக்கு நெனப்புல இருக்குதா? அத ஊரு ஊராக் கொண்டுபோயிக் காட்டோணுமா?"

மாமாவுக்கு வாய் படத்தைவிடப் பெரிதாகத் திறந்திருந்தது. பெயிண்டர் தன் தொழிலுக்கு வந்த பழியைத் துடைக்க முன்னால் வந்தார். "நான் மூடிரலாமுன்னுதானுங்க சொன்னேன். இந்தக்காதான் வாய இன்னும் தொறக்கச் சொன்னாங்க."

மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு. "அத்தை, இது நீங்களே இல்லீங்க! இவங்க அமெரிக்காவுல பாடினவங்க."

அத்தையின் முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகு முன்பைவிட மோசமாக இருண்டது.

"அப்பொ எவளோ ஒருத்தி படத்த வண்டியில போட்டு, அதுக்கு என்ற பேர எழுதி வெச்சிருக்கறாரா உங்க மாமன்? யாருங்க அவ?"

"சத்தியமாத் தெரியாது பழனி," என்றார் மாமா. "நான் நாக்பூரத் தாண்டிப் போனதே இல்ல."

ஆரத்தித் தட்டு கீழே வந்தது. பூசணிக்காய் உடைக்க வேண்டிய அத்தை, அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. படத்தை அழித்துவிடலாம் என்றார்கள். அழித்தால் இன்றைக்குள் காயாது என்றார் பெயிண்டர். தலைக்குத் தலை ஒரு யோசனை. "மேல மஞ்சப் பூசி அம்மனாக்கிப்புடலாமுங்க," என்றார் ஒருவர். "மீச வெச்சா அய்யனாரு," என்றார் இன்னொருவர்.

அதுவரை பொறுத்திருந்த நான் அந்த மீசையில் உடைந்துவிட்டேன். "மீசை வைக்கறீங்களா? அவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு தடவை கேட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே வண்டியில் ஏறினேன். முருகன் பாட்டுப் போட டிரைவர் தயாராக வைத்திருந்த புது ஸ்பீக்கரில் என் போனை இணைத்தேன். வெளியே இருக்கிற ஒலிபெருக்கி அது. முதலில் பிரஷர் குக்கர் விளம்பரம் ஒன்று பட்டறை முழுக்க ஓடியது. எல்லோரும் அதையும் மரியாதையாகக் கேட்டார்கள்.

பிறகு கிதார் வந்தது. கைதட்டல் சேர்ந்தது. அப்புறம் அந்தக் குரல், தகரமெல்லாம் அதிர. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

அத்தை டயரிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆனால் கை முழங்காலில் தாளம் போட்டது.

"என்ன சொல்றா?"

"சாமியக் கூப்பிடறாங்க, அத்தை."

"இது சாமி பாட்டா? சாமியக் கூப்படறதுக்கு இத்தன சத்தமா?"

"அவரு அவ்வளவு தூரத்துல இருக்காருங்களே."

அத்தை படத்தை மறுபடி நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார். "அதுஞ்செரி. வாயத் தொறக்காம கூப்பட்டா எந்தச் சாமிக்குக் கேக்குது?" என்று எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு பூசணிக்காயை எடுத்து ஒரே போடாகப் போட்டார். "சாமி பாட்டுப் பாடறவள அழிக்க வேண்டாம். என்ற பேர மட்டும் அழிச்சுப்போட்டு அவ பேர எழுதுங்க."

பெயிண்டரிடம் பெயரை மூன்று தடவை சொன்னேன். அவர் எழுதி முடித்தபோது அதில் அமெரிக்கா துளியும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் யாருக்கோ குலதெய்வம் மாதிரி இருந்தது. கூடவே 'துணை'யையும் விட்டுவைத்தார்.

வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. போகிற இடத்தில் எல்லாம், டோல்கேட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும், "இது யாரு?" என்று டிரைவரைக் கேட்கிறார்கள். அந்த மனிதர் முதல் மாதம் விளக்கிப் பார்த்தார். (அவர் பாடு எனக்குத் தெரியாதா?) பிறகு அலுத்துப்போய், "எங்க மொதலாளியம்மா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது மற்ற டிரைவர்கள் வாய்வழியாக அவரவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் சொந்தத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருவர், "ஏனுங்க பழனியக்கா, ஒரு பாட்டுப் பாடுங்களே" என்று ஆரம்பிக்கிறார்.

அத்தை இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்:

"பாடலாமுங்க. கிதாரு வண்டியோட ஒரிசாவுக்கு லோடு போயிருக்குது."