சுவர் விஷயமாக சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் இருவரின் விருப்பம். இங்கே நான் நலம், என் மனைவி நலம். வீடுதான் நலமில்லை. இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் இந்தப் பக்கம் என் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பக்கம் சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். ஆகவே எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. தங்கமான பிள்ளை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, என் மகளை அதட்டி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவரிடம் இருப்பதெல்லாம் ஒரு டிரில்லிங் மெஷின்தான். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பையனுக்கு என்ன வேலை, எங்கே வேலை என்றெல்லாம் நான் துருவித் துருவிக் கேட்டேன். சனி ஞாயிறுகளில் என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றவில்லை.

எல்லாம் ஒரு மரப்பலகையில் ஆரம்பித்தது. என் புத்தகங்கள் கட்டிலடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “மாமா, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்” என்றார். சுவரில் ஓட்டை போட்டார், பிளக் அடித்தார், பலகையை மாட்டினார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுக்கிய புத்தகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய், கடைசிப் புத்தகம் என் தலையணையில் வந்து விழுந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் நறுக்கென்று கேட்டிருப்பேன். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? நீங்களே சொல்லுங்கள், உங்கள் மாப்பிள்ளையிடம் நீங்கள் கேட்பீர்களா? “பிரமாதம் மாப்பிள்ளை!” என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சம்பந்தி, என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல். அடுத்த சனிக்கிழமை காரை விட்டு இறங்கும்போது அவர் கையில் இன்னொரு கருவிப் பெட்டி இருந்தது.

பிறகு குளியலறைக் கதவு. அது உள்பக்கம் திறப்பதால் இடம் அடைக்கிறதாம். கீலைக் கழற்றி, கதவைத் திருப்பி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டார். இடம் கிடைத்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திருப்பும்போது தாழ்ப்பாளும் கூடவே திரும்பி வெளியே வந்துவிட்டது. இப்போது உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் யாராவது திறந்துவிடுவார்கள். போன வாரம் எனக்கு இருமல் வரவில்லை. அந்தப் பக்கமாகப் போன என் மனைவி, தாழ்ப்பாள் திறந்து கிடக்கிறதே என்று பொறுப்பாகப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கதவைத் தட்டுகிறேன், கத்துகிறேன், அவளுக்கு எப்படிக் கேட்கும்? அவள் போனில் சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். என்ன பேச்சு என்று நினைக்கிறீர்கள்? “உங்க பையனுக்கு என்ன கைராசி! நாங்க குடுத்து வெச்சிருக்கணும்!” நான் ஈரத் துண்டோடு உள்ளே நின்றுகொண்டு அத்தனையையும் கேட்டேன்.

சரி, வீட்டுக்குள்தான் நிம்மதி இல்லை, தோட்டத்திலாவது இருப்போம் என்று போனால், அங்கே அதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. களை எடுத்திருக்கிறார். என் மிளகாய் நாற்றையும் தக்காளி நாற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, களையை விட்டுவிட்டார். விட்டதோடு நிற்கவில்லை. அதைச் சுற்றிச் செங்கல் பதித்து, வெள்ளையடித்து, தானாகத் தண்ணீர் தெளிக்கிற குழாய் ஒன்றையும் வைத்திருக்கிறார். அது சரியாக நான் நாற்காலி போட்டுப் பேப்பரைப் பிரிக்கிற நேரத்தில்தான் புஸ் என்று கிளம்புகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, “சார், இது என்ன செடி? விதை கிடைக்குமா?” என்கிறார். நான் என்னத்தைச் சொல்றது? மாப்பிள்ளை பக்கத்திலேயே சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். “தாராளமா எடுத்துக்கோங்க”ன்னேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை வருகிற சனிக்கிழமை இடிக்கப்போகிறாராம். காற்றோட்டமாக இருக்குமாம். விரலால் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இது எதையும் தாங்கலை, சும்மா நிக்குது” என்கிறார். சம்பந்தி, ஓய்வு பெற்றதிலிருந்து நானும் எதையும் தாங்காமல் சும்மாதான் நிற்கிறேன்! நாளைக்கு என்னையும் தட்டிப் பார்க்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு அறைதான். கதவைச் சாத்திக்கொண்டு என் இஷ்டத்துக்குக் குறட்டை விடுவேன், ரேடியோ கேட்பேன், யாரையாவது திட்டவேண்டுமென்றால் அங்கே போய்த்தான் திட்டுவேன். சுவர் போனால் நான் எங்கே போவேன்? மகளிடம் சொன்னால், “அவர் ஆசையா செய்றார்ப்பா” என்கிறாள். மனைவியிடம் சொன்னால், “உங்களால ஒரு ஆணி அடிக்க முடியுமா? செய்றவரையும் விடமாட்டீங்களா?” என்கிறாள்.

ஆகவே தாங்கள்தான் கைகொடுக்கவேண்டும். இந்தச் சனிக்கிழமை ஏதாவது காரணம் சொல்லி மாப்பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு வலி என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் சுவர் இருக்கிறதுதானே, அதைக் காட்டுங்கள். பெற்றவர் நீங்கள், உங்களுக்கில்லாத உரிமையா?

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையைச் சொல்லவும். வீட்டில் பெரியவர்கள் சிறியவர்கள் எல்லோரும் சௌக்கியமாக, சுவர்களோடு இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. அதற்குள் என் புலம்பல் தாங்காமல் என் மனைவி மகளிடம், “அப்பா கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்னு பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டிருக்கிறாள். மாப்பிள்ளை புரிந்துகொண்டுவிட்டார். நேற்று சனிக்கிழமை, இரண்டு பேரும் வரவில்லை. காலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. மத்தியானம் என் மனைவி நாலு தட்டை எடுத்து வைத்தாள், பிறகு இரண்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அதன் பிறகு என்னால் ரேடியோ கேட்க முடியவில்லை. என் மகள் குரல் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை சம்பந்தி. சாயங்காலம் சுத்தியலை எடுத்து அந்தச் சுவரில் ஓங்கிப் போட்டேன். கை வலிக்கும்வரை போட்டேன். என் மனைவி ஓடிவந்து, “வாங்கன்னு ஒரு போன் பண்ணினா வரமாட்டாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். காரணம் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? இப்போது காரணம் இருக்கிறது. சுவரில் விழுந்திருக்கிற ஓட்டையில், குனிந்தால் ஒரு ஆள் தாராளமாக நுழைந்து வரலாம். மாப்பிள்ளையை உடனே அனுப்பவும்.