ஐஸ் அண்ணையின் கண்ணாடி அடுப்பு

எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் அடுப்பையும் ஐஸ்பழத்தையும் சேர்த்து வைத்துக் குடும்பம் நடத்திய ஒரே மனிதர் ஐஸ் அண்ணைதான். ஐஸ் விற்றவர் அல்ல. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த, கண்ணாடி மேல்தட்டு வைத்த மின்சார அடுப்புத்தான் அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது.

அந்த வீட்டுப் படலையைத் திறப்பவர் யாராக இருந்தாலும் முதலில் குசினிக்குப் போகவேண்டும். தபால்காரர், மீட்டர் பார்க்க வருபவர், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்ப்பவர்கள், ஒருவரையும் விடமாட்டார். அண்ணை அடுப்பைப் போடுவார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே செக்கச்செவேலென்று ஒரு வட்டம் தெரியும். அதன்மேல், குச்சியில் உறையவைத்த ஓர் ஐஸ்பழத்தை வைப்பார். சர்ரென்று ஆவி கிளம்பும். வந்தவர் பின்னால் பாய்வார்.

"ஏன் பாயிறீர்? ஒரு கீறல் இருக்கோ பாரும்! சும்மா கண்ணாடி எண்டால் சூடு பட்ட இடம் விரியும், குளிர் பட்ட இடம் சுருங்கும், அந்த இழுபறியிலை வெடிக்கும். உது விரியவே விரியாது. வானத்தைப் பாக்கிற பெரிய தொலைநோக்கிக்குள்ளையும் உந்தச் சாதிக் கண்ணாடி இருக்குது, தெரியுமோ?"

"அப்ப சோறு வேகேக்கை சந்திரனையும் பாக்கலாமோ அண்ணை?" என்று மீட்டர்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். கண்ணாடி வெடிக்கவில்லை, அண்ணை வெடித்துவிட்டார். பாவம், மீட்டரைப் பார்க்காமலேயே அந்த மனிதர் ஓடினார்.

ஆட்களையும் அவர் இதை வைத்தே அளந்தார். ஒரு மாப்பிள்ளையைப் பற்றி நான் விசாரித்தபோது, "பொடியன் சூடு தாங்குவான் தம்பி. திடீரெண்டு தண்ணி ஊத்தினால்தான் சரிவராது" என்றார். அந்தக் கலியாணம் நடக்கவில்லை.

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரே ஒரு ஆளுக்காகத்தான். அவருடைய மனைவி மணியக்காவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். விறகடுப்புப் புகை இனி ஆகவே ஆகாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மணியக்காவோ காஸ் சிலிண்டரைக் கண்டால் கும்பிட்டுவிட்டு விலகிப் போகிறவர். கண்ணாடி அடுப்பென்றால் அதைவிடப் பயம். "உலை கொதிக்கேக்கை வெடிச்சு, கண்ணாடித்துண்டெல்லாம் முகத்திலை பறந்தால்?" என்பார், புகைக்குள் இருமிக்கொண்டே. மழைக்காலத்தில் அந்த இருமலைக் கேட்க எனக்கே நெஞ்சு வலிக்கும். அண்ணை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இன்னோர் ஐஸ்பழம் வாங்கப் போவார். அந்த அடுப்பில் அதுவரை சூடேறிய ஒரே பொருள் அதுதான்.

கடைசியில் ஓர் ஆடிப்பிறப்பன்று மணியக்கா இறங்கிவந்தார். "நீங்களே அதிலை கூழ் காய்ச்சுங்கோ. ஒண்டும் நடக்காட்டி நாளையிலையிருந்து நான் அதிலைதான் சமைப்பன்."

அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். மாவைக் கரைத்தார், பனங்கட்டியை உடைத்தார், அடுப்பையும் போட்டார். தேங்காயை உடைக்கும்போதாவது மனிதர் தள்ளி நின்றிருக்கலாம். "இஞ்சை பாரும் மணி, தேங்காய்த் தண்ணியும் இதிலையே விழட்டும்!" என்று சிவந்த வட்டத்துக்கு நேர்மேலே தேங்காயைப் பிடித்துக்கொண்டு, கத்தியின் பின்புறத்தால் ஓங்கிப் போட்டார். ஈரக் கை. தேங்காய் நழுவிக் கண்ணாடியில் விழுந்தது. டங்!

குறுக்கே நீளமாக ஒரு பிளவு. சூட்டுக்கும் குளிருக்கும் அசையாத சாமான், ஒரு முற்றிய தேங்காய்க்குத் தோற்றுப்போனது. அண்ணை சுவிட்சை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். "முடிஞ்சுது தம்பி. இனி மனிசி புகைக்குள்ளைதான்" என்று முணுமுணுத்தார்.

மணியக்கா கிட்ட வந்தார். முதல் தடவையாக அந்த அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, உடைஞ்சால் இவ்வளவுதானோ?"

"ஓம்."

"ஒரு துண்டும் பறக்கேல்லையே?"

"இல்லை."

"ஐயோ, இதுக்கே நான் இவ்வளவு காலமும் பயந்தனான்! மேல்கண்ணாடியை மாத்துவியுங்கோ. நான் சமைக்கிறன். நீங்கள் மட்டும் கிட்ட வரப்படாது."

அண்ணை பனங்கட்டியை எடுக்கப் போகிறவர்போல அந்தப் பக்கம் திரும்பி, சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவர் அழுததை நான் பார்த்தேன் என்று இன்றுவரை ஒழுங்கையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.