அலமாரியில் ஒரு தட்டு

அன்று காலை நான் ஒரு சபதம் எடுத்தேன். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டையாவது இன்றைக்குப் பிடித்தே தீருவது!

அலமாரிக்கு நான்கு தட்டு. நான்கிலும் என் மனைவி மெஹராஜ் பேகத்தின் தொடர்கதைகள். எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு வாரப் பத்திரிகை வாங்கி, சுற்றுக்கு விட்டுப் படிப்பார்கள். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்துப் புத்தகமாக்கி விடுவார்கள். செஞ்சிக் கோட்டை விழுந்தாலும் அந்தத் தையல் விழாது. என் சட்டைகளோ மூலையில் ஒரு கயிற்றில் ஊசலாடின.

திட்டினால் அழுவாள். அழுதால் நான் தோற்பேன். ஆகவே அறிவால் மடக்குவது என்று முடிவு செய்தேன். என் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்த ராஜாராம் வாத்தியாரிடம் குண்டு இங்கிலீஷ் அகராதியை இரவல் வாங்கி, ஒரே ஒரு சொல்லை நெட்டுருப் போட்டேன்.

மத்தியானம் மங்கையும் செல்லம்மாளும் பத்திரிகை மாற்ற வந்திருந்தார்கள். சாட்சிக்கு ஆள் இருப்பது நல்லதுதான்.

"மெஹராஜ், மேகசின்னா இன்னா தெரியுமா?"

"இதோ, மடியில இருக்குதே."

"அது மட்டுமா? துப்பாக்கியில தோட்டா அடுக்குற டப்பாவும் மேகசின்தான். நம்ம செஞ்சிக் கோட்டையில, ராஜகிரி மலை மேல மருந்துக் கிடங்கு இருக்குதே, அதுவும் மேகசின். வெடிமருந்து! வூட்ல வச்சிக்கலாமா?"

"யா அல்லா! எல்லாத்துக்கும் எப்டிங்க ஒரே பேரு வந்திச்சி?"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த அகன்ற கண்கள்! கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"மொதல்ல அது அரபிச் சொல்லு. கிடங்குன்னு அர்த்தம். அரபிக்காரன் கிட்டேர்ந்து இத்தாலிக்காரன் எடுத்தான். அப்புறம் பிரெஞ்சுக்காரன், அப்புறம் இங்கிலீஷ்காரன். இருநூத்தம்பது வருசத்துக்கு மின்னாடி லண்டன்ல ஒருத்தரு, சேதியும் கதையும் சேத்து வைக்கிற கிடங்குன்னு புஸ்தகத்துக்கே அந்தப் பேர வச்சாரு."

சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. கப்பலேறி, கடல் தாண்டி, பீரங்கிகளோடு சுற்றிய சொல், இப்போது என் மனைவி மடியில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது!

"எத்தினி தேசம் பாத்துட்டு வந்திருக்குது!" என்று செல்லம்மாள் மோவாயில் கை வைத்தாள்.

"அதான் சொல்றேன்! இத எடைக்குப் போட்றவன் ஒரு மனுசனா?" என்று முழங்கினேன்.

மெஹராஜ் தோழிகள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்: "கேட்டுக்கினீங்களா? என் வூட்டுக்காரரே சொல்லிட்டாரு."

"எங்க வூட்ல அதான் நடக்குது ஜகபர் பாய். போன மாசம் ரெண்டு தொடர அவரு எடைக்குப் போட்டுட்டாரு" என்று மங்கை கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாதே மங்கை. தெருவுல இருக்கிற எல்லாத்தையும் இங்க கொண்டாந்துடுங்க. இவுரு கண்ணு மாதிரி பாத்துக்குவாரு. இல்லீங்களா?"

மூன்று பெண்கள் பக்தியோடு பார்க்கும்போது எந்த ஆண் தலையாட்டாமல் இருப்பான்?

சாயங்காலத்துக்குள் ஏழு கோணி வந்து இறங்கியது. கயிறு கட்டியிருந்த மூலையும் போயிற்று. இப்போது என் சட்டைகள் சைக்கிள் கடையில் தொங்குகின்றன. பஞ்சருக்கு வருகிறவர்கள் விலை கேட்கிறார்கள்.