இடப்பக்கம் கிளியர்

தரையில் ஓடும் வாகனத்தை ஆகாயத்தில் ஓட்டுவதுபோல ஓட்டுகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். பாதிப் பேர் தனியார் பஸ் சாரதிகள். ஆனால் ஆகாயத்துக்கு உரிய அத்தனை முறைகளோடும், ஒன்றுகூடத் தவறாமல், தரையில் வான் ஓட்டிய மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் பேசாலைக்காரன். ஞானஸ்நானம் கொடுத்தபோது சுவாமியார் ஏதோ ஒரு புனிதரின் பெயரை வைத்திருப்பார். ஊருக்கு அவன் கோ-பைலட்.

உண்மையான பைலட்தான். கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமானப் பள்ளியில் படித்து, லைசன்ஸ் எடுத்து, தோளில் கோடு போட்ட வெள்ளைச் சட்டையோடு ஊரில் வந்து இறங்கியவன். கோயில் வாசலில் நிறுத்திப் படமெல்லாம் எடுத்தார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் விளங்கியது. பறந்த மணித்தியாலம் போதாது என்று எந்த நிறுவனமும் அவனை எடுக்கவில்லை. மணித்தியாலம் கூட வேண்டுமென்றால் யாராவது வேலை தரவேண்டும். வேலை தர வேண்டுமென்றால் மணித்தியாலம் கூடியிருக்க வேண்டும். சில காலம் இரத்மலானையிலேயே ஒரு சின்ன நிறுவனத்தில் மற்றவர்கள் ஓட்டும் விமானங்களைக் கழுவினான்; பயணிகளை மூட்டைபோலத் தராசில் ஏற்றி நிறுத்தான். அந்த வேலையும் முடிந்துபோக, ஊருக்கு வந்து மாமாவின் வானை ஓட்டத் தொடங்கினான். பேசாலையிலிருந்து மன்னார் ரவுனுக்கு ரீச்சர்மாரையும் என்னைப்போன்ற கந்தோர்க்காரரையும் ஏற்றிப்போகும் வான்.

முதல் நாள் நாங்கள் எல்லாரும் ஏறி இருந்த பிறகும் வான் வெளிக்கிடவில்லை. கோ-பைலட் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு ரயரையும் குனிந்து பார்த்தான். சைலன்சருக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தான். குருவி கூடு கட்டியிருக்கலாமாம். பிறகு தெற்குக் கரையில் சுழலும் காற்றாலைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "குறுக்குக் காத்து. ஆனா எங்கட லிமிட்டுக்குள்ளதான்" என்றான்.

அடுத்ததாக உள்ளே தலையை நீட்டினான். பின் சீற்றில் ஞானம் ரீச்சர் இருந்தார். கொஞ்சம் தாராளமான உடம்பு. அந்தச் சீற் அவருடைய நிரந்தரச் சொத்து.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் நடுவுக்கு வரவேணும்."

"ஏன் தம்பி?"

"பாரம் பின்னுக்குக் கூடினா மூக்குத் தூக்கும்."

"ஆற்ற மூக்கு?"

"வான்ர மூக்கு, ரீச்சர்."

ரீச்சர் நடுவுக்கு வந்தார். ஆனால் மன்னார் போய்ச் சேரும்வரை வானின் மூக்கைவிட அவருடைய மூக்குத்தான் அதிகம் தூக்கி நின்றது. மறுநாளே பின் சீற்றுக்குத் திரும்பிவிட்டார்; அதற்குப் பிறகு அவன் எவ்வளவு கேட்டும் அசையவில்லை.

என் இடம் சாரதிக்குப் பக்கத்து முன் சீற். முன்னுக்கு இருந்தால் வருகிற ஆபத்தை மற்றவர்களுக்கு முன்னமே பார்த்துப் பயந்துகொள்ளலாம் என்பது என் கொள்கை.

"அண்ணை, நீங்கள் இருக்கிறது என்ன சீற் எண்டு தெரியுமோ?" என்று கேட்டான்.

"கிழிஞ்ச சீற்."

"கப்டன்ர சீற்! பிளேனில இடப்பக்கம் கப்டன், வலப்பக்கம் கோ-பைலட். வான்ர ஸ்டியரிங் வலப்பக்கம். அப்ப நான் கோ-பைலட். நீங்கள்தான் கப்டன்."

"எனக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓடத் தெரியாதடா!"

"ஓடுறது நான். முடிவெடுக்கிறது நீங்கள்."

அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தியிலும் வான் நிற்கும். "கப்டன், இடப்பக்கம் கிளியரோ?" நான் எட்டிப் பார்த்து "கிளியர்" என்றால்தான் நகரும். ரவுனுக்குள் நுழைந்தால் கழுதைகள்.

"ரன்வேயில கழுதை, கப்டன். என்ன செய்வம்?"

"ஹோர்ன் அடி!"

"அதுகள் ஹோர்னுக்கு அசையாது. வேற முடிவு சொல்லுங்கோ."

"அப்ப இறங்கிக் கும்பிடு!"

கந்தோரில் ஒரு விசிறியைப் போடுவதற்கும் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்கிற மனிதன் நான். என்னிடம் பத்துப் பதினைந்து உயிர்களைக் கொடுத்து முடிவெடு என்றால்? வியர்த்தது. ஆனால் பழகிவிட்டது. வீட்டில் மனைவி கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்டாலும் "கிளியர்" என்று சொல்லத் தொடங்கினேன்.

ஒரு காலை எருக்கலம்பிட்டிச் சந்தியில் அந்த விபரீதம் நடந்தது. என் வாய்க்குள் சூடான வாய்ப்பன் ஒன்று முழுதாக இருந்தது. "கப்டன், இடப்பக்கம் கிளியரோ?" என்றான். நான் கையைக் காட்டினேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் கேட்டான். நான் அவசரமாக விழுங்கப்போக, வாய்ப்பன் தொண்டையில் நின்று, கண் பிதுங்கியது.

"கப்டன் ரெண்டு தரம் பதில் சொல்லேல்லை! ஆள் செயலிழந்திட்டார்! கட்டுப்பாடு இப்ப என்ர கையில!" என்று பின்னுக்கு அறிவித்தான். விமானத்தில் அதுதான் முறையாம். இரண்டு தரம் கேட்டும் பதிலில்லையென்றால் மற்றவன் பொறுப்பெடுத்து, கிட்ட உள்ள இடத்தில் இறக்கவேண்டும். எங்கும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினான். ஞானம் ரீச்சர் அதற்குள் எனக்காக ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்திருந்தார். தாதி என் வாயைத் திறக்கச் சொல்லி, வாய்ப்பன் எப்போதோ இறங்கியிருந்த தொண்டையைப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தேத்தண்ணி குடுங்கோ" என்றாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போனாலும், அவன் அந்த லைசன்ஸைக் கைக்குழந்தைபோல வைத்திருந்தான். மருத்துவப் பரிசோதனையில் பிரஷர் கூடிவிட்டால் பறக்க விடமாட்டார்கள் என்று கருவாடு தொடமாட்டான். பேசாலையில் பிறந்து கருவாடு வேண்டாமென்று சொன்ன முதல் மனிதன். "என்ர சமையலில என்ன பிழை கண்டவன்?" என்று தாய் தெருவெல்லாம் கேட்டுத் திரிந்தார். வலைக்காரத் தகப்பன் ஒருநாள், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்:

"கோயில் பெருநாள் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள பிளேன்காரர் கூப்பிடாட்டி, என்னோட வள்ளத்துக்கு வா. எனக்கும் தோள் நோகுது."

"ஓம் அப்பா" என்றான். வள்ளத்தில் ஏறினால், லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய பயிற்சிக்கும் பரீட்சைக்கும் போகமுடியாது, லைசன்ஸ் செத்துப்போகும். அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வான் வழக்கத்தைவிட மினுங்கியது. நிற்கிற நேரமெல்லாம் கழுவிக்கொண்டிருந்தான். நான் தேற்றுவதற்காக, "நீ ஆக்களை ஏத்திப் பறக்கிற அண்டைக்கு முதல் ஆள் நான்தானடா!" என்று தினமும் அடித்துவிட்டேன். அப்படி ஒரு நாள் வராது என்ற தைரியம்தான். எனக்குக் கோயில் மணிக்கூண்டில் ஏறினாலே கால் உதறும்.

பெருநாளுக்குக் கொடியும் ஏற்றியாகிவிட்டது. மறுநாள் காலை, தோட்டவெளி தாண்டுகையில் அவனுடைய போன் அடித்தது. கொழும்பு இலக்கம்.

"எடடா!"

"ஓடேக்க எடுக்கமாட்டன். நீங்கள் எடுங்கோ, கப்டன்."

எடுத்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில், விமான நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி, யார் பேசுவது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் யன்னலால் பறந்தது. வாய் தானாகச் சொன்னது: "கப்டன்."

"கப்டன்?" என்று அவள் சந்தேகத்தோடு திருப்பிக் கேட்டாள். என் முட்டாள்தனத்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை வள்ளத்தில் ஏறுகிறது! ஞானம் ரீச்சர் பின் சீற்றிலிருந்து எழும்பி வந்து போனைப் பறித்தார். "அவர் வாகனம் ஓட்டுறார். ஓட்டுற நேரம் போன் எடுக்கிற பழக்கம் இல்லை" என்று வகுப்பறை ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

"என்னவாம்?" வான் முழுவதும் கேட்டது.

"நல்ல பழக்கமாம். திங்கக்கிழமை வேலைக்கு வரட்டாம்."

கோ-பைலட் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, வானை முறையாக ஓரங்கட்டினான். பிறகுதான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். ரீச்சர் தன் கைலேஞ்சியைக் கொடுத்துவிட்டு, தானாகவே நடுச் சீற்றில் போய் இருந்தார்.

மாதங்கள் கழித்துப் போன் வந்தது, எனக்கு. "கப்டன், வாற கிழமை ஆக்களோட முதல் பறப்பு. பெரிய கப்டன் பக்கத்தில இருந்து பாப்பார். அவர் சரியெண்டாத்தான் வேலை நிலைக்கும். அம்மா ஏறமாட்டாவாம். நீங்கள் வாறியள்தானே?"

என் மனைவி சொன்னாள்: "வாயைக் குடுத்தனீங்கள்தானே, போயிட்டு வாங்கோ."

இரத்மலானையில் எல்லாருக்கும் முன்னால் என்னைத் தராசில் ஏற்றினார்கள். என் நிறையை ஒரு பெண்பிள்ளை உரக்க வாசித்தாள். ஞானம் ரீச்சரிடம் அந்த இடத்திலேயே மனதால் மன்னிப்புக் கேட்டேன். விமானம் எங்கள் வானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பைலட்மாருக்கும் எங்களுக்கும் நடுவில் கதவு இல்லை. எனக்கு இடப்பக்கத்து முதல் சீற். இடப்பக்கம் நரைத்த தலையோடு பெரிய கப்டன். வலப்பக்கம் அவன்.

இயந்திரம் உறுமியது. செபமாலையை எடுத்தேன்; மணிகள் கைக்குள் அகப்படவில்லை. இறங்கிவிடலாமா என்று பெல்ட்டைத் தடவிக்கொண்டிருக்கையில் அவன் திரும்பிப் பார்த்தான்.

"கப்டன், இடப்பக்கம் கிளியரோ?"

பெரிய கப்டனும் திரும்பினார். என் வாயில் வாய்ப்பன் இல்லை. ஆனாலும் சத்தம் வரவில்லை. பெரிய கப்டன் என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். முதல் நாளே இந்தப் பிள்ளைக்கு என்னால் கெட்ட பேரா?

"கப்டன்?" இரண்டாம் தரம். அவன் கண்ணில் எருக்கலம்பிட்டிச் சந்தி தெரிந்தது.

"கிளியர்!" என்று கத்தினேன். விமானம் முழுவதும் அதிர்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் சொன்னேன். இடப்பக்கம் என்ன இருந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய கப்டன் சிரித்தது மட்டும் கேட்டது. யாழ்ப்பாணம் பலாலியில் இறங்கியபோது அவர் அவனுடைய தோளைத் தட்டினார். அதைக் கண்ணைத் திறந்தே பார்த்தேன்.

இப்போது வானை வேறொருவர் ஓட்டுகிறார். ரயரைக் குனிந்து பார்ப்பதில்லை, ஒரு கையால் போன் பேசுவார், என்னிடம் எதுவும் கேட்பதும் இல்லை. எருக்கலம்பிட்டிச் சந்தி வந்தால் நான் இடப்பக்கம் எட்டிப் பார்த்து, வாய்க்குள் ஒரு சொல் சொல்லிக்கொள்கிறேன். அவர் நான் செபம் சொல்வதாக நினைக்கிறார். பெரிய பிழையில்லை.