வேண்டாம் என்ற வாயும் மாவு அப்பிய டோப்பாவும்

பதவியே வேண்டாத பெரிய மனிதர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் இங்கிலாந்து ராஜாவை விரட்டிய கையோடு இந்த இனம் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டது.

எங்கள் ஜோத்தம் தார்ன் அதில் முதல் தரம். "நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்? மாவு மில்லப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறேன்" என்பார். சொல்லும்போதே தலையில் பதவிக்காரர்கள் வைக்கும் டோப்பா ஏறியிருக்கும், அது வெளுப்பாகத் தெரிய சொந்த மில்லின் மாவு அப்பியிருக்கும். வேண்டாதவர் எதற்குக் காலையிலேயே மாவு அப்பினார்? யாரும் கேட்டதில்லை. இப்படி வேண்டாம் வேண்டாம் என்றே ஊர் நியாயாதிபதியாகி, சட்டசபைக்குப் போய், கடைசியில் மாவட்ட நீதிபதியாகவும் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மில்லுக்காக ஓடையில் கட்டிய அணையால், விதவை கெசியா லம்மின் கோதுமை வயல் வருஷா வருஷம் மூழ்கியது. அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

நியாயாதிபதி தார்னிடம் போனாள். "இது பெரிய விஷயம் கெசியாம்மா. சட்டசபைதான் முடிவு பண்ணணும்."

சட்டசபை உறுப்பினர் தார்னிடம் போனாள். "சட்டம் போடுறதுதான் எங்க வேலை. தகராறுன்னா கோர்ட்டுக்குப் போங்க."

கோர்ட்டில் நின்றாள். நீதிபதி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "அணை என்னோடது. என் வழக்க நானே விசாரிக்கலாமா? வேற நீதிபதி வர்ற வரைக்கும் ஒத்தி வைக்கிறேன்."

என்ன நேர்மை! ஊரே நெகிழ்ந்தது. கோதுமை அழுகியது.

பதவிக்காலம் முடிந்ததும், இவரையே மறுபடி நியமிக்கும்படி சட்டசபைக்கு எழுத ஊர் கூடியது. இவர் செலவில் ஆப்பிள் மது ஓடியது. டோப்பாவில் புது மாவு.

"வேண்டாம்ப்பா. என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டம் மறுப்பதற்காகக் காத்திருந்தார்.

கூட்டத்தில் ஒருநாளும் பேசாத கெசியா எழுந்தாள். "ஐயா பாவம், பதினஞ்சு வருஷமாக் கெஞ்சுறாரு. நாமதான் கேக்கவே இல்ல. இன்னிக்காவது மனசு எறங்குங்க."

"அதானே, அவரே வாயத் தொறந்து சொல்றாரே" என்றார் பீப்பாய் செய்யும் சைலஸ்.

சிரிப்பு பரவியது. அவரை விடுவிக்கச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. தார்ன் வாயைத் திறந்தார். வேண்டும் என்றா சொல்வது? அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை. நன்றி சொல்லித் தலை குனிந்தார். மேஜையெல்லாம் மாவு.

புது நீதிபதி வந்த மாதமே அணையின் உயரம் இரண்டு பலகை குறைந்தது. அந்த வருஷம் கெசியாவின் வயலில் கோதுமை முற்றியது.

நீங்கள் இப்படியில்லை, தெரியும். சங்கத்துச் செயலாளராக அழைத்தபோது "எனக்கெதுக்குங்க" என்றுதானே சொன்னீர்கள்? அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனது தற்செயல். அடுத்த முறை சொல்லுமுன், பின்வரிசையில் கெசியா உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.