எழில்மொழி எடுத்த பேக்கப்

“சார், அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லுங்க.”

எழில்மொழி முதலாளியிடம் இப்படிக் கேட்டதும் மேனேஜர் இராஜாங்கத்தின் கால்குலேட்டர் பாதிக் கூட்டலில் நின்றுபோனது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “லீவு கேளு. அட்வான்ஸ் கேளு. சம்பளத்தை ஏத்தச் சொல்லிக்கூடக் கேளு, தரமாட்டாரு, ஆனா கோவிச்சுக்க மாட்டாரு. பாஸ்வேர்டு மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாத.”

முதலாளி தியாகராசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாபநாசம் பக்கம் நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர்களில் பெரிய கை அவர்தான். அவருடைய நெற்றியில் இருந்த விபூதியின் அகலம் வேறு எவருக்கும் கிடையாது.

“அது எதுக்கும்மா உனக்கு?”

“ராத்திரி பேக்கப் ஓடலை சார். இந்த வாரம் பூரா ஓடலை. சர்வர் ஓடுற சத்தமே சரியில்ல, எப்ப வேணா படுத்துடும். அதுக்குள்ள ஒரு நகல் எடுத்து வைக்கணும்.”

“என் பொண்டாட்டிக்கே அந்தப் பாஸ்வேர்டு தெரியாது.”

“அவங்க சர்வர் பாத்துக்கறதா இருந்தா அவங்ககிட்ட சொல்லுங்க. இங்க பாத்துக்கறது நான்.”

இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த சர்வரில் இருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். சம்பா அறுவடைக்கு மெஷின் கேட்டுப் பதிந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் வரிசை. யார் முதலில் பதிந்தாரோ அவர் வயலில் மெஷின் முதலில் இறங்க வேண்டும். தன் முறை வருவதற்குள் மழை முந்திக்கொண்டால், சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டுவிடும். எழில்மொழியின் அம்மா அம்சம் குத்தகைக்குப் போட்டிருந்த நாலு மா நிலத்து நெல்லுக்கு முப்பத்தேழாவது முறை. மார்கழிப் பனியில், அலுவலகக் கதவு திறக்குமுன்னே வந்து குந்தியிருந்து வாங்கிய முப்பத்தேழு.

“சரி, நானே போடறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு” என்றார் முதலாளி.

எம்.சி.ஏ. படித்தவள் சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் முதலாளியின் படம் போட்ட காலண்டர். பின்னால் ஒற்றை விரல் பாஸ்வேர்டைத் தேடித் தேடித் தட்டியது. இரண்டு முறை தப்பாகி மூன்றாவது முறைதான் திறந்தது.

பார்த்தால் சர்வரில் இடமே இல்லை. முழுக்க முதலாளி மகளின் கல்யாண வீடியோ.

“மூணு நாள் கல்யாணம். நாலு கேமரா, ஒரு ட்ரோன்” என்றார் முதலாளி பெருமையாக.

“கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு? இன்னும் வெட்டி ஒட்டலையா?”

“வெட்டினா சம்பந்தி வீட்ல யாராவது ஒருத்தர் கொறைவாங்க. வம்பு.”

“அப்ப மொத்தமா அழிச்சிடலாம்.”

“கல்யாணத்தையா?” என்று இராஜாங்கம் நெஞ்சில் கை வைத்தார்.

கல்யாணத்தை அழிக்க முடியாது என்பதால் கும்பகோணத்திலிருந்து வெளியே செருகும் டிஸ்க் ஒன்று வாங்கி வரப்பட்டது. எழில்மொழி அதைப் பார்ப்பதற்கு முன் சாமி பார்த்துவிட்டது. டிஸ்குக்குச் சந்தனம், குங்குமம். அது செருகப்போகும் துளைக்கும் மறக்காமல் சந்தனம்.

“துளைக்குள்ள ஏன் சார் வச்சீங்க?”

“வாசலுக்கு வைக்கிறதில்லையா?”

காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட இராஜாங்கம் இடுப்பிலிருந்து ஊக்கை எடுத்தார். “கரண்ட் இருக்கு, தொடாதீங்கண்ணே” என்று அவள் கத்தி முடிப்பதற்குள் பொறி பறந்தது. அவர் ஒரு துள்ளு துள்ளினார். அந்தத் துளையும் பக்கத்துத் துளையும் அன்றோடு போயின.

“கண்ணு பட்டுடுச்சு” என்றார் முதலாளி. அவர் குரலில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தாள். பட்டை விபூதிக்குக் கீழே மூளை இருந்தால்தானே வருத்தம் வரும் என்று விட்டுவிட்டாள்.

வேண்டாத கோப்புகளைப் பொறுக்கித் தள்ளி அவளே கொஞ்சம் இடம் உண்டாக்கினாள். ராத்திரியில் மின்சாரம் விட்டுவிட்டு வருவதால், பகல் சாப்பாட்டு நேரத்தில் பேக்கப் ஓடும்படி வைத்தாள். அடுத்த நாள் புதன்கிழமை.

“பன்னெண்டு மணிக்கா? ராகு காலம்மா!” என்று முதலாளி அலறினார்.

“சர்வருக்கு ஏது சார் ராகு காலம்?”

“என் சர்வருக்கு உண்டு.”

அவள் சாப்பிடப் போன நேரத்தில், ராகு காலத்தைத் தாண்டுவதற்காக சர்வரின் கடிகாரத்தை அவரே திருத்தினார். அந்த ஒற்றை விரல், மணிக்குப் பதிலாக வருஷத்தைப் பின்னால் தள்ளிவிட்டது. பேக்கப் புரோகிராம் முழித்துப் பார்த்தது. தன்னிடம் மிஞ்சியிருந்த பழைய நல்ல நகல்களெல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்து, ஒன்று விடாமல் துடைத்தது.

எழில்மொழி திரும்பி வந்தபோது திரை பளிச்சென்று இருந்தது.

“நல்ல நேரத்துல ஓடிச்சு பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்கு” என்றார் இராஜாங்கம்.

அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் வெளியே டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டியலை அச்செடுக்கலாம் என்றால் பிரிண்டரில் மை இல்லை. மை வாங்க முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், அவர் தேய்பிறையில் போடமாட்டார். பென்டிரைவ் செருகத் துளை இல்லை. இனி இன்டர்நெட் வழியாக வெளியூர் சர்வரில் ஏற்றி வைப்பது ஒன்றுதான் வழி. அதற்கும் சுவரைப் பார்த்து நின்றாள். அதற்கும் ஒற்றை விரல் தட்டியது. ஏற ஆரம்பித்தது.

நூற்றுக்கு எட்டு ஏறியிருக்கும். “யோவ் ராஜாங்கம், பெரிய மெஷினைப் பூசைக்கு முன்பக்கம் கொண்டாரச் சொல்லு” என்றார் முதலாளி. லாரி மேல் உட்கார்ந்து ஊர்வலம் வந்த அறுவடை மெஷின், வாசலில் தாழ்ந்து தொங்கிய இன்டர்நெட் கேபிளைக் கதிர் அறுப்பதுபோல் அறுத்துக்கொண்டு போனது.

“மாலை போட்ட மாதிரி இருக்கு!” என்று மெஷின் மேல் தொங்கிய கேபிளைப் பார்த்து இராஜாங்கம் சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளைத்தான் பார்த்தார். “இதோ பாரும்மா. நாளைக்கு வரிசை காணாமப் போனா நான் ஊருக்குப் பதில் சொல்லணும். கம்ப்யூட்டர் பொண்ணு கோட்டை விட்டுடுச்சுன்னுதான் சொல்லுவேன். உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரியாமே. பட்டம் வாங்கினா ஆச்சா?”

“எங்க வீட்ல முதல் பட்டதாரி நான்தான் சார். இந்த ஆபீஸ்லயும் நான்தான்.”

இராஜாங்கத்துக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த இடத்திலேயே எழில்மொழி முடிவு செய்துவிட்டாள். தன் மேசைக்குப் போய் ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதினாள். ‘முட்டாள்களுக்குக் கீழே வேலை பார்க்க இயலாததால்’ என்று எழுதி, அடித்து, ‘சொந்தக் காரணங்களால்’ என்று மாற்றினாள். பிறகு யோசித்து, முதலில் எழுதியதையே திரும்ப எழுதினாள்.

ஆனால் வரிசை? அவள் போன மறுநாள் சர்வர் படுத்தால் அம்மாவின் முப்பத்தேழு என்ன ஆகும்? அம்மாவோடு பனியில் குந்தியிருந்தவர்களின் முறையெல்லாம் என்ன ஆகும்?

அப்போதுதான் முதலாளி குரல் கொடுத்தார்: “பொங்கல் வாழ்த்து போயிடணும் இன்னிக்கு. பதிஞ்ச எல்லாருக்கும். என் பேரோட.”

சர்வரில் எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு வேண்டும். முதலாளி பெயரில் வாழ்த்து அனுப்ப மட்டும் வேண்டாம். எழில்மொழி தன் போனிலிருந்த இன்டர்நெட்டை இணைத்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள்.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் போன் கிணுகிணுத்தது. பிறகு தெருவில் ஒன்று.

“போயிடுச்சா?” என்றார் முதலாளி.

“எல்லாருக்கும் போயிடுச்சு. வாழ்த்தோட அவங்கவங்க முறை நம்பரையும் சேத்து அனுப்பிட்டேன். ‘பொங்கல் வாழ்த்துகள், உங்கள் முறை முப்பத்தேழு’ன்னு. இனிமே இந்த சர்வர் எரிஞ்சு சாம்பலானாலும் கவலையில்ல சார். ஆயிரம் பேர் சட்டைப் பையில பேக்கப் இருக்கு.”

முதலாளியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. காப்பி வேட்டியில் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“அதைத் திருப்பி வாங்க முடியாதா?”

“வாழ்த்தையா சார்?”

“ராஜாங்கம், தண்ணி குடுய்யா” என்றார் முதலாளி. இராஜாங்கம் நின்ற இடத்தில் நாற்காலியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. நம்பருக்கு இடம் வேண்டும் என்று, முதலாளி பெயருக்கு முன்னால் வரும் ‘அறுவடைச் செம்மல்’ பட்டத்தை வாழ்த்திலிருந்து வெட்டியிருந்தாள். அதற்குத்தான் இந்த மாரடைப்பு! ஊர் நெல் பிழைத்தது, இவருக்குப் பட்டம் போனதுதான் துக்கம். ஒரு வாரமாக இந்த மண்டூகங்களோடு மல்லுக்கட்டியதற்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை.

கடிதத்தை, காப்பி சிந்தாத இடமாகப் பார்த்து, முதலாளி முன்னால் வைத்தாள்.

“சொந்தக் காரணம் இல்ல சார். படிச்சுப் பாருங்க.”

டிபன் பாக்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது; பின்னாலேயே, மெஷின் ஏற்றிப்போகிற லாரி ஒன்று காலியாக வந்தது. காரிலிருந்து இறங்கியவர் ஆறு வேலி நிலக்காரர் துரைக்கண்ணு. பதிவு முடிகிற கடைசி நாள் சாயங்காலம், டிரைவரை அனுப்பிப் பதிந்துகொண்டவர். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளை மறித்து, கையிலிருந்த போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏம்மா, நீ இங்கதானே வேலை பாக்குற?”

“பாத்தேன்” என்று சாவியைத் திருகினாள் எழில்மொழி.

“அப்ப இது என்னன்னு சொல்லிட்டுப் போ. எனக்கு ஆயிரத்துப் பத்தாவது முறைன்னு மெசேஜ் வருது! வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி சர்வர் காலி, வரிசை காலி, முதல் மெஷின் எனக்கு. இந்த வருஷம் சர்வரைக் கெடுக்க மறந்துட்டாரா உங்க முதலாளி?”