இரண்டு உப்புக்கு ஒரு சர்க்கரை

இருட்டிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். வீட்டுக்குள் எங்கோ "களக்… கொடகொட… களக்" என்று ஒரு சத்தம். எனக்குச் சும்மாவே பயம் அதிகம். குளியலறைக் குழாயோ என்று போய்ப் பார்த்தேன். அது யோக்கியமாக இருந்தது. "மேல் வீட்டுக்காரன் தொட்டி கழுவுறான், விடு" என்றார் கணவர். மறுபடியும் களக். கடைசியில் சத்தம் என் தோளிலிருந்தே வருவது தெரிந்தது. தோளில் பாப்பா கிடந்தாள். சத்தம் அவள் வயிற்றில்.

பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. மத்தியானத்திலிருந்து ஆறு தடவை தண்ணீராகப் போயிருந்தது. இது ஏழாவதற்கான முன்னறிவிப்பு. உதடு காய்ந்து, அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் வாங்கி, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொடும்மா. ஒரு மணி நேரத்துல தெளியலேன்னா தூக்கிட்டு வந்துடு."

"வெறும் தண்ணி குடுத்துக்கிட்டேதான் இருக்கேன் டாக்டர்."

"அது நிக்காதும்மா. குடல் சவ்வுல ஒரு வாசல் இருக்கு. உப்பு தனியா வந்தாலும் திறக்காது, சர்க்கரை தனியா வந்தாலும் திறக்காது. ரெண்டு உப்பு, ஒரு சர்க்கரை, சேர்ந்து வந்தாத்தான் உள்ளே விடும். அதுங்க போனா தண்ணி தானா பின்னாலயே போகும்."

எனக்குப் பகீரென்றது. இதே சட்டத்தை நான் இன்னொரு வாசலில் படித்திருந்தேன். எங்கள் குடியிருப்பு வாசலில்.

விஷயம் இதுதான். எங்கள் சங்கச் செயலாளர், இரண்டு மாதம் முன்பு ஒரு நட்சத்திர ஓட்டலில் "உயிரணு வழி நிர்வாகம்" என்ற இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். போகும்போது மனிதராகப் போனவர், வரும்போது சான்றிதழோடு வந்தார். உலகத்திலேயே மிகத் திறமையான காவல் செல் சவ்வினுடையதாம். சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, கோடிக்கணக்கான வருட அனுபவம். மறுநாளே மதில் சுவர் "தேர்வு கடத்து சவ்வு" என்று பெயர் பெற்றது. காவலாளியின் சட்டையில் "கடத்துப் புரதம்" என்று பட்டை குத்தினார்கள். அதைப் பார்த்து அவர் மனைவி ஒரு வாரம் அழுதாராம். புரதம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. முதல் சொல் தெரியும்.

சுற்றறிக்கையும் வந்தது. பள்ளியில் அறிவியல் எடுத்த சிஸ்டர் செல் படத்தில் ஒரு கோடு கோணினாலும் முட்டி போட வைப்பார். அந்தப் பயத்திலேயே சுற்றறிக்கையையும் மனப்பாடம் செய்தேன். ஒன்று: எண்ணெய்ப் பசையுள்ளவை சவ்வைத் தடையின்றிக் கடக்கும், ஆகவே பசையுள்ளவர்கள், அதாவது காரில் வருவோர், கேள்வியின்றிக் கடக்கலாம். இரண்டு: வெளியேறுவது பரவல், அதற்கு ஆற்றல் தேவையில்லை, எவரும் போகலாம். மூன்று: நடந்து வரும் வாடகைதாரர்கள் உப்பு, சொந்த வீட்டுக்காரர்கள் சர்க்கரை, இரண்டு உப்புக்கு ஒரு சர்க்கரை வீதம் சேர்ந்தே உள்ளே வர வேண்டும். இதற்கென்று மூன்று தலை எண்ணியதும் தானாகச் சாத்திக்கொள்ளும் இயந்திரக் கதவு ஒன்றும் வாங்கினார்கள்.

சரி, பாக்கெட் எதற்கு, வீட்டிலேயே கலக்கலாமே என்பீர்கள். வீட்டில் சர்க்கரை இல்லை. போன மாதம்தான் "வெள்ளை விஷமற்ற வளாகம்" என்று அறிவித்து, கைதட்டி, வீடு வீடாக வந்து டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நானும்தான் கைதட்டினேன்.

கணவர் ஓடினார். வெளியே போக அரை நிமிடம், வாங்கப் பத்து நிமிடம். பிறகு போன். "உள்ளே விட மாட்டேங்கிறான். நான் ஒத்தை உப்பாம்."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், கையில் பாக்கெட். இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு முழம்.

"அண்ணே, அவரை விட வேண்டாம். பாக்கெட்டை மட்டும் வாங்கிக் கொடுங்க."

காவலாளி டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் படித்தார். "இதுல சர்க்கரை பதிமூணரை கிராம்னு போட்டிருக்கும்மா. விஷமற்ற வளாகம்."

"மருந்து அண்ணே!"

"மருந்துன்னா பொட்டலம். பொட்டலத்தைச் சவ்வு குழிஞ்சு விழுங்கணும். அதுக்குன்னு இருக்கிற பார்சல் ரூம் காலையில பத்து மணிக்குத்தான் குழியும்."

"குழந்தையைப் பாருங்க அண்ணே."

பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆனால் தலைக்கு மேல் கேமரா இருந்தது. "எனக்கும் பிள்ளை இருக்கும்மா. அதனாலதான் இந்த வேலையும் இருக்கணும்" என்று சொல்லி, செயலாளரை அழைத்தார்.

செயலாளர் அரை டவுசரோடு இறங்கி வந்தார். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பூரித்திருந்தார். "பாத்தீங்களா, சிஸ்டம் எவ்வளவு துல்லியமா வேலை செய்யுது! ஒரு அயனிகூட நுழைய முடியல."

"சார், பாப்பாவுக்கு நாக்கு வறண்டு போச்சு."

"ஒரு பிரச்சினையும் இல்ல தங்கச்சி. நான் வெளியே போறேன், சர்க்கரை வந்தாச்சு. உங்க வீட்டுக்காரர் ஒரு உப்பு. நீங்களும் வெளியே வந்துட்டா ரெண்டு உப்பு. எல்லாரும் சேர்ந்து ஜம்முனு உள்ளே வருவோம்."

உள்ளே இருந்தவள் உள்ளே வருவதற்காக வெளியே போனேன்.

காவலாளி விரல் விட்டு எண்ணினார். "சர்க்கரை ஒண்ணு. உப்பு மூணு. கணக்கு உதைக்குது சார்."

"மூணு ஏது?"

"பாப்பா பேரும் வாடகைப் பத்திரத்துல இருக்கு சார்."

"இடுப்புல இருக்கிறது தனி ஆளா, ஒட்டுப் பொருளா?" என்று செயலாளர் சுற்றறிக்கையைப் பிரித்தார். இருவரும் தெருவிளக்கின் கீழ் நின்று உட்பிரிவு உட்பிரிவாகப் போனார்கள். நாங்கள் நடைபாதையில் உட்கார்ந்தோம். மருந்துக்கடையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி, பொடியைக் கொட்டிக் குலுக்கி, மூடியில் ஊற்றி ஊட்டினோம். முதல் மூடியைத் துப்பினாள். இரண்டாவதை நக்கினாள். ஆறாவதற்கு என் விரலைப் பிடித்து இழுத்தாள். நாற்பதாவது மூடி இறங்கும்போது அங்கே தீர்ப்பு வந்தது. குழந்தை ஒட்டுப் பொருளே. செயலாளர் ஒப்பமிட்டார். காவலாளி சல்யூட் அடித்தார்.

கதவு திறந்தது. செயலாளர் ஒதுங்கி நின்று, "லேடீஸ் ஃபர்ஸ்ட்" என்றார். படித்தவர்.

நான் நுழைந்தேன். ஒரு தலை, தோளில் இன்னொரு தலை. கணவர் நுழைந்தார். மூன்று. தீர்ப்பைப் பற்றி இயந்திரத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கதவு டப்பென்று சாத்திக்கொண்டது.

"திறப்பா" என்றார் செயலாளர்.

"ரெண்டு உப்பு வேணுமே சார்."

"நான் சர்க்கரைப்பா!"

"சர்க்கரையும் தனியா வரக் கூடாதுன்னு போட்டிருக்கே சார். காரை எடுத்துட்டு வந்துடுங்களேன், பசையில போயிடலாம்."

"கார் உள்ளே நிக்குதுய்யா!"

"அப்ப கஷ்டம்தான் சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தது. வீடு வரும்வரை சிரித்தோம். மெத்தையில் விடுவதற்குள் பாப்பா மூத்திரம் போய் என் சேலை முழுக்க நனைத்தாள். இந்த வீட்டில் அந்த ஈரத்துக்குக் கிடைத்த வரவேற்பு எந்தப் பன்னீருக்கும் கிடைத்திருக்காது. இன்னும் அரை பாட்டில் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

கதவு தட்டப்பட்டது. லேசாகத் திறந்தேன். காவலாளி.

"பாப்பா எப்படிம்மா?"

"தேவலை அண்ணே."

"சார் இன்னும் வெளியேதான் நிக்கிறார். தூறல் வேற. அவர் கிடக்கட்டும்மா, எதிர் வீட்டுத் தையல்காரம்மா வேலை முடிஞ்சு வந்து நிக்கிறாங்க. அவங்க பிள்ளை உள்ளே தனியா இருக்கு. சர்க்கரை ஒண்ணு, உப்பு ஒண்ணு இருக்கு. இன்னும் ஒரே ஒரு உப்பு வந்தாப் போதும், மூணு பேரும் உள்ளே வந்துடலாம். வீடு வீடாக் கேட்டுக்கிட்டு வர்றேன்."

எதிர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. சிறிய தலை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். வெளியே போக அரை நிமிடம்தான். ஆனால் நாங்கள் உப்பு. போன உப்பு எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? இயந்திரம் மறுபடி தப்பாக எண்ணினால்?

"மேல் மாடியில கேட்டீங்களா அண்ணே?"

"அங்கே கேட்டுட்டுத்தாம்மா இங்கே வந்தேன். கீழே கேக்கச் சொன்னாங்க."

"அப்ப பக்கத்து வீட்ல கேளுங்க அண்ணே" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி, கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.